ஜெயிக்க முடியாத ஆட்டங்கள்

வீடியோ கேம் ஒரு கலையா?

இந்தக் கேள்வியைப் படித்ததுமே உங்களில் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டி சினிமா விமர்சனத்துக்குப் போகத் தயாராகியிருப்பீர்கள். மீதிப் பாதிப் பேர், 'என் பையன் பரீட்சைக்குப் படிக்காமல் ராத்திரி பூரா அதைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறான், இதில் கலை வேறயா?' என்று பல்லைக் கடித்திருப்பீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஓர் ஐந்து நிமிடம் கொடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு மனுஷனின் மொத்த வாழ்க்கையும் முடிந்துபோகிற கேம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

பெயர் 'பாஸேஜ்'. ஜேசன் ரோரர் என்ற அமெரிக்கர் 2007-ல் தனியாளாகச் செய்தது. படம் மொத்தமே 100 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். பஸ் டிக்கெட்டைக் குறுக்கே கிழித்த மாதிரி ஒரு கீற்று. அதன் இடது ஓரத்தில் ஒரு பொடி இளைஞன் நிற்கிறான். வலது பக்கம் எல்லாம் கலங்கலாக, என்ன வரப்போகிறது என்று தெரியாமல் இருக்கிறது. நடக்கிறீர்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு பெண். தொட்டால் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். தொடாமலும் போகலாம், உங்கள் இஷ்டம். சேர்ந்து நடந்தால் ஸ்கோர் சீக்கிரம் ஏறுகிறது. ஆனால் புதையல் பெட்டிகள் இருக்கிற குறுகிய சந்துகளில் ஒருவர்தான் நுழைய முடியும், ஜோடியாகப் போக முடியாது. இதை உங்களுக்கு யாரும் விளக்குவதில்லை. முட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறீர்கள்.

நடக்க நடக்க, அந்தப் பொடியன் திரையின் இடது ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வலது ஓரத்துக்கு நகர்கிறான். முன்னால் இருந்த கலங்கல் குறைந்து, பின்னால் கலங்கல் கூடுகிறது. எதிர்காலம் சுருங்கி, கடந்த காலம் நீள்கிறது. தலை வழுக்கையாகிறது, நரைக்கிறது, நடை தளர்கிறது. ஒரு கணத்தில் பக்கத்தில் வந்துகொண்டிருந்தவள் ஒரு சின்னக் கல்லறையாக நின்றுவிடுகிறாள். நீங்கள் மட்டும் மெதுவாக, கூன் விழுந்து நடக்கிறீர்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் நீங்களும் ஒரு கல். மேலே நீங்கள் சேர்த்த ஸ்கோர் மட்டும் அப்படியே நிற்கிறது.

அவ்வளவுதான் கேம். ஒரு வரி வசனம் கிடையாது. பட்டினத்தார் பாடல்களில் பழகிய விஷயம்தான் என்பீர்கள். சரிதான். ஆனால் அதைக் கேட்பது வேறு. விரலால் நடந்து முடிப்பது வேறு.

*

இப்படிப்பட்டதைக் கலை இல்லை என்று சொன்னவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ரோஜர் ஈபர்ட். 'சிகாகோ சன்-டைம்ஸ்' பத்திரிகையில் 1967-லிருந்து 2013-ல் இறக்கும்வரை சினிமா விமர்சனம் எழுதியவர். விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசை 1975-ல் வாங்கிய முதல் சினிமா விமர்சகர். அவர் 2005-லேயே இதைச் சொல்ல ஆரம்பித்து, 2010 ஏப்ரலில் 'வீடியோ கேம் ஒருநாளும் கலையாக முடியாது' என்கிற அளவுக்கு அழுத்திச் சொன்னார். அவருடைய வாதம் இரண்டு. ஒன்று, கலையில் படைப்பாளி உங்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். கேமில் நீங்கள் இஷ்டத்துக்குத் திரிகிறீர்கள், அப்புறம் அது யாருடைய படைப்பு? இரண்டு, கேமில் ஜெயிக்கலாம். ஒரு கவிதையையோ நாவலையோ ஜெயிக்க முடியுமா?

உலகம் பூராவும் இருந்து வசவு மழை. அதே வருஷம் ஜூலையில் ஒரு படி இறங்கிவந்தார். விளையாடிப் பார்க்காமல் பேசியிருக்கக் கூடாது என்றார். ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பெரிய மனுஷன்தான்.

அதற்கப்புறம் என்னென்னவோ நடந்துவிட்டது. 2011 ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், சிறுவர்களுக்கு வன்முறை கேம் விற்கக் கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டத்தை 7-க்கு 2 என்ற கணக்கில் ரத்து செய்தது. புத்தகம், நாடகம், சினிமாவுக்கு உள்ள கருத்துச் சுதந்திரப் பாதுகாப்பு கேமுக்கும் உண்டு என்று நீதிபதி ஸ்காலியா எழுதினார். 2012-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. வான்கோவும் பிக்காஸோவும் தொங்குகிற அதே கட்டடத்துக்குள் பாக்மேனும் டெட்ரிஸும். மேலே சொன்ன 'பாஸேஜ்' கூட அந்தப் பதினான்கில் ஒன்று. லண்டன் 'கார்டியன்' பத்திரிகையின் கலை விமர்சகர் ஜொனாதன் ஜோன்ஸ் உடனே கொதித்து எழுந்து, கேம் எந்தத் தனி மனிதரின் பார்வையும் அல்ல, அது விளையாடுகிறவருக்கும் புரோகிராமுக்கும் நடுவில் நடக்கிற சமாசாரம், எனவே கலை இல்லை என்று எழுதினார்.

கோர்ட் சொன்னதாலோ மியூசியம் மாட்டியதாலோ ஒன்று கலையாகிவிடாதுதான். அதனால் இவர்கள் கேட்ட கேள்விகளுக்கே நேரடியாகப் பதில் சொல்லிப் பார்ப்போம்.

*

முதல் கேள்வி. விளையாடுகிறவர் இஷ்டத்துக்குச் செய்தால் படைப்பாளி எங்கே?

மார்கழி மாதத்தில் ஒரு வாசலைப் பாருங்கள். புள்ளி வைத்தாகிவிட்டது. பதினைந்து புள்ளி, எட்டு வரை ஊடு புள்ளி. இனி கோடு இழுப்பவர் எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், எந்தப் பக்கமும் வளைக்கலாம். ஆனால் புள்ளியை மிதிக்க முடியாது, பாதியில் விட முடியாது. கோலம் அவருடையதா, புள்ளி வைத்தவருடையதா? இரண்டு பேருடையதும்தான். நாம் யாரும் இதற்காகச் சண்டை போட்டதில்லை. கேம் செய்கிறவர் புள்ளி வைக்கிறவர். எந்த வளைவு சாத்தியம், எது சாத்தியமில்லை என்பதைத் தீர்மானிக்கிறவர். சுதந்திரம் கொடுப்பது போல் கொடுத்து, அதன் எல்லையில் உங்களை முட்டவைப்பதுதான் அவருடைய எழுத்து.

அதாவது, கேமில் கதை சொல்வது வசனம் இல்லை. விதி.

இதுவும் நமக்குப் புதிது இல்லை. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க வீட்டில் பரமபதம் ஆடியிருப்பீர்கள். அந்தப் படத்தில் ஏணி புண்ணியம், பாம்பு பாவம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆட்டத்தின் நிஜமான தத்துவம் படத்தில் இல்லை, விதியில் இருக்கிறது. பரமபதத்தில் கெட்டிக்காரத்தனத்துக்கு வேலையே கிடையாது. தாயக்கட்டை விழுந்தபடிதான் நகர வேண்டும். வைகுண்டத்துக்கு இரண்டு கட்டம் பாக்கி இருக்கும்போது பாம்பு விழுங்கிக் கீழே தள்ளும். செய்வதற்கு ஒன்றும் இல்லை. 'உன் கையில் எதுவும் இல்லை' என்று ஒரு பிரசங்கி ஒரு மணி நேரம் சொல்வதை, ஒரு குழந்தை அழுதுகொண்டே புரிந்துகொள்கிறது.

இன்னொரு உதாரணம். லிஸ்ஸி மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904-ல் ஓர் ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நிலம் வைத்திருப்பவர் வாடகையாலேயே மேலும் மேலும் பணக்காரர் ஆவார், வாடகை கொடுப்பவர் போண்டியாவார் என்ற அநியாயத்தை ஜனங்களுக்குக் காட்டுவதற்காகச் செய்த ஆட்டம். சுற்றிச் சுற்றி அது 1935-ல் 'மொனாப்பலி' என்று கடைக்கு வந்தது. நம் வீடுகளில் 'டிரேட்', 'பிசினஸ்' என்று பல பெயர்களில் புழங்குவதும் அதன் பேரப்பிள்ளைகள்தான். எச்சரிக்கைக்காகச் செய்த ஆட்டத்தில், சித்தப்பாவைத் திவாலாக்கிவிட்டுக் கைதட்டுகிறோம். விதி அநியாயத்தைக் காட்டத்தான் காட்டியது. நமக்கு அது பிடித்துப்போனதற்கு அந்தம்மா என்ன செய்வார், பாவம்!

*

இப்போது இரண்டாவது கேள்வி. கேமில் ஜெயிக்கலாமே?

டெட்ரிஸில் ஜெயித்தவர் யாராவது உங்களுக்குத் தெரியுமா?

1984-ல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. அவருடைய 'எலெக்ட்ரானிகா 60' கம்ப்யூட்டரில் படம் போடும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளை ஒட்டவைத்துக் கட்டம் காட்டினார். நாலு சதுரம் சேர்ந்த ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும். ஒழுங்காக அடுக்கினால் வரிசை மறையும். விழுவது மட்டும் நிற்காது, போகப் போக வேகமும் கூடும். துண்டுகள் நிஜமாகவே அதிர்ஷ்டப்படி விழுந்தால், எப்பேர்ப்பட்ட கில்லாடியும் ஒருநாள் தோற்றே தீர வேண்டும் என்பது கணிதத்தில் நிரூபணமான விஷயம். ஆக, டெட்ரிஸில் கேள்வி ஜெயிப்போமா என்பது இல்லை, எவ்வளவு நேரம் தள்ளிப்போடுவோம் என்பதுதான். காலையில் எழுந்து பாத்திரம் தேய்த்து, சமைத்து, மறுபடி பாத்திரம் தேய்க்கிற எந்த அம்மாவுக்கும் இந்த ஆட்டத்தை விளக்க வேண்டியதில்லை.

பாக்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-ல் நாம்கோ கம்பெனிக்காக டோரு இவாடானி செய்தது. நாலு பேய் துரத்தும், அவ்வளவுதானே என்பீர்கள். இல்லை. சிவப்புப் பேய் நீங்கள் நிற்கிற இடத்துக்கு நேராக வரும். பிங்க் பேய் நீங்கள் போகப்போகிற இடத்துக்கு, நாலு கட்டம் முன்னால் குறி வைக்கும். நீலம், சிவப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு வீராப்பாகக் கிட்டே வரும், நெருங்கியதும் பயந்து மூலைக்கு ஓடும். நாலே நாலு விதி, நாலு குணச்சித்திரம். எத்தனை மெகா சீரியல்களில் இத்தனை தெளிவாக நாலு பாத்திரங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

இதெல்லாம் சாமர்த்தியம், கலையாகுமா என்று கேட்டால் நியாயமான கேள்விதான். அதற்கு அடுத்த பத்தி.

*

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' 2013-ல் வந்தது. லூகாஸ் போப் என்ற, ஜப்பானில் குடியேறிய அமெரிக்கர் செய்தது. பெரிய பெரிய சாகச கேம் செய்கிற கம்பெனியில் இருந்த வேலையை விட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்தவர். கதை 1982 நவம்பரில், அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனைக் கம்யூனிஸ்ட் நாட்டு எல்லையில் ஆரம்பிக்கிறது. நீங்கள் ஹீரோ இல்லை, சிப்பாய்கூட இல்லை. கவுன்ட்டர் குமாஸ்தா. வரிசையில் வருகிறவர்களின் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். ஓர் ஆளுக்கு ஐந்து கிரெடிட் கூலி. சாயங்காலம் அதில் வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு, மகனுக்கு மருந்து. ரூல் தினமும் மாறும். தப்பாக அனுமதித்தால் முதல் இரண்டு முறை எச்சரிக்கை, அப்புறம் அபராதம்.

ஒருநாள் ஒருவர் வருகிறார். காகிதம் எல்லாம் சரி. அனுமதிக்கிறீர்கள். போகும்போது, பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். அடுத்து மனைவி. அவரிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று கெஞ்சுகிறார். பின்னால் வரிசை நீள்கிறது. கடிகாரம் ஓடுகிறது. வீட்டில் கணப்பு இல்லை.

இந்த இடத்தில் அழகான கிராஃபிக்ஸ் இல்லை, வயலின் இல்லை. பழுப்பு நிறத்தில் கட்டம் கட்டமாக ஒரு முகம், அவ்வளவுதான். ஆனால் முத்திரை உங்கள் கையில் இருக்கிறது. இதில் நிஜமான பயங்கரம், ஓர் அம்மாவைத் துரத்துவது இல்லை. பத்து நாள் போனதும் நீங்கள் முகத்தையே பார்ப்பதில்லை என்பது. தேதி, ஊர்ப் பெயர், சீல், அடுத்த ஆள். யாராவது கெஞ்சினால் 'நேரமாகிறதே' என்று எரிச்சல் வருகிறது. ஆபீஸ்களில் நாம் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வருகிற எத்தனையோ கவுன்ட்டர்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை, அந்த நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டுகிறது. நாவலில் கொடுமைக்கார அதிகாரியைப் பற்றிப் படித்தால் அவர் மேல் கோபம் வரும். இங்கே அந்த அதிகாரி நீங்கள். இதை வேறு எந்தக் கலையாலும் இப்படிச் செய்ய முடியாது. இதுதான் என் கட்சி.

'ஷேடோ ஆஃப் த கொலோஸஸ்' (2005) இன்னொரு சாட்சி. ஜப்பானின் ஃபுமிடோ உவேடா. செத்துப்போன ஒரு பெண்ணை உயிர்ப்பிக்க, பதினாறு ராட்சதர்களைக் கொல்ல வேண்டும். வழக்கமான கேமில் வழி நெடுக நூறு அடியாட்கள் இருப்பார்கள். இங்கே யாரும் இல்லை. வெட்டவெளி, ஒரு குதிரை, காற்று. முதல் ராட்சதன் தானுண்டு தன் வேலையுண்டு என்று நடந்துகொண்டிருக்கிறான். நீங்கள்தான் மேலே ஏறிக் குத்துகிறீர்கள். அவன் சரிந்து விழும்போது வெற்றி முழக்கம் கிடையாது. துக்கப் பாட்டு. கறுப்பாக ஏதோ வந்து உங்களுக்குள் புகுகிறது. ஒவ்வொரு வெற்றிக்கும் கதாநாயகன் முகம் வெளிறி, பார்க்கவே ஒரு மாதிரி ஆகிக்கொண்டு போகிறான். நிறுத்தலாம், பட்டனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் பதினாறையும் முடிக்கிறோம். ஈபர்ட் ஐயா, இதில் ஜெயிக்கலாம்தான். ஜெயித்தவர் முகத்தைப் போய்ப் பாருங்கள்.

*

இனி என் சக ஆட்டக்காரர்கள் கோபப்படப்போகிற பகுதி.

கேம்களைக் கலை என்று வாதாடுகிறவர்களில் பலர் தப்பான சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். 'கிராஃபிக்ஸைப் பாருங்க சார், நிஜம் மாதிரியே இருக்கு', 'கதை ஹாலிவுட் படம் மாதிரி இருக்கு' என்கிறார்கள். சினிமா மாதிரி இருப்பதுதான் பெருமை என்றால் சினிமாவுக்கே போய்விடலாமே! 'மெட்டல் கியர் சாலிட் 4' (2008) கடைசியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டும். ஹிடியோ கோஜிமா மேதை, சந்தேகமில்லை. அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவர் சினிமாக்காரர்.

என்னிடம் எளிமையான ஒரு சோதனை இருக்கிறது. வேறு யாரோ ஒருவர் ஆடுவதை யூட்யூபில் முழுசாகப் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு ஏதாவது விட்டுப்போயிற்றா? ஒன்றும் விட்டுப்போகவில்லை என்றால் அது கேம் வேஷம் போட்ட படம். விட்டுப்போனது என்னவோ, அதுதான் கேம் என்கிற கலை.

'ஜர்னி' (2012) இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறும். ஜெனோவா சென்னும் அவர் குழுவும் செய்தது. பாலைவனத்தில் ஒரு மலையை நோக்கி நடக்கிறீர்கள். வழியில் இன்னொரு உருவம் சேர்ந்துகொள்கிறது. அது இன்டர்நெட் வழியாக உலகத்தின் எந்த மூலையிலோ ஆடிக்கொண்டிருக்கும் நிஜ மனிதர். பெயர் தெரியாது, பேச முடியாது, ஒரு சின்னக் குரல் எழுப்பலாம், அவ்வளவுதான். ஆன்லைன் கேம் என்றாலே வசைமொழி என்று ஆகிவிட்ட காலத்தில், வாயை எடுத்துவிட்டதும் ஜனங்கள் ஒருவருக்கொருவர் காத்திருந்து வழிகாட்ட ஆரம்பித்தார்கள். பனிப்புயலில் ஒட்டி நின்றால் குளிர் குறைகிறது. வீடியோவில் பார்த்தால் இரண்டு துணி பொம்மைகள் நடக்கும். ஆடிப் பார்த்தால், அந்தப் பெயர் தெரியாத ஆள் பின்தங்கும்போது கால் தானாக நிற்கும்.

நம்மாட்கள் செய்த ஒன்றையும் இதே தராசில் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. 'வெண்பா' (2023). டொரான்டோவிலிருந்து விசை கேம்ஸ் வெளியிட்டது. 1988-ல் கனடா போன ஒரு தமிழ்த் தம்பதி, வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கறை பட்டு, கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதை யோசித்து, தப்பாகச் செய்து, திருப்பிச் செய்து கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அம்மா சமையலுக்குக் கூச்சப்பட்ட மகன், வளர்ந்த பிற்பாடு அதே நோட்டைத் தானே திறக்கிறான். தமிழ் அவனுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. அழிந்துபோன வரியைக் கையால் தடவிக் கண்டுபிடிப்பது என்ற அந்த விதியில், புலம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் மொத்த விஷயமும் இருக்கிறது. சபாஷ்!

ஆனால் அடுப்படியை விட்டு வெளியே வந்ததும் கேம் நம்மை ஒதுக்கி உட்காரவைத்துவிடுகிறது. நடுநடுவே எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் கதை ஏறக்குறைய அதே தண்டவாளத்தில் போகிறது. வசனப் பகுதிகளை யூட்யூபில் பார்த்தாலே போதும். சமையலறையில் கலை, கூடத்தில் சீரியல். பாராட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது விமர்சனம் இல்லை, சொந்தக்காரர் கல்யாணத்தில் மொய் எழுதுவது.

*

சரி, பல்லைக் கடித்த பெற்றோருக்கு வருகிறேன். உங்கள் கோபம் நியாயமானது. பெரும்பாலான கேம்கள் குப்பை. பெரும்பாலான சினிமாவும் நாவலும்கூட அப்படித்தான். ஆனால் கேம் குப்பைக்கு ஒரு விசேஷ விஷம் உண்டு. விதிதான் அர்த்தம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன் இல்லையா? அந்த விதியை உங்கள் பர்ஸுக்குக் குறி வைத்து எழுத முடியும். உள்ளே என்ன என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கவைக்கிற 'லூட் பாக்ஸ்' இருக்கிறதே, அதைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018-ல் முடிவு கட்டியது. தினமும் வராவிட்டால் பரிசு போச்சு, நண்பனைச் சேர்த்தால் போனஸ் என்று கட்டப்படும் விதிகளிலும் நுணுக்கம் இருக்கிறது. பிக்பாக்கெட்காரரின் விரலில்கூடத்தான் நுணுக்கம் இருக்கிறது.

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை என்ற பக்கம் தள்ளி, இ-ஸ்போர்ட்ஸையும் மற்ற கேம்களையும் தனியாகப் பிரித்தது. சட்டம் பிரித்துவிட்டது. வீட்டில் நாம் இன்னும் பிரிக்கவில்லை. ரம்மியும் டெட்ரிஸும் நமக்கு ஒன்றுதான், 'எப்பப் பாரு கேமு'. போலந்து அரசாங்கம் 2020-ல் ஒரு காரியம் செய்தது. முற்றுகையில் சிக்கிய ஊரில் சாதாரண ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று காட்டும் 'திஸ் வார் ஆஃப் மைன்' (2014) என்ற கேமைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. புத்தகங்களோடு புத்தகமாக. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பையனிடம் 'எத்தனை மணி நேரம் ஆடினாய்?' என்று கேட்பதற்கு முன்னால் 'அதில் உன்னை என்ன செய்யச் சொல்கிறார்கள்?' என்று ஒருதரம் கேளுங்கள். அந்தப் பதிலில் தெரிந்துவிடும், அது பாக்மேனா, பிக்பாக்கெட்டா என்று.

*

கலை என்று சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன, விளையாடிவிட்டுப் போகலாமே என்று ஒரு கட்சி உண்டு. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது.

நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்ற மௌனப் படம்தான் தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். இன்று ஒரு அடி ஃபிலிம்கூட இல்லை. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' (1931). அதுவும் இல்லை. எரிந்ததோ, கரைத்து வெள்ளி எடுத்தார்களோ, யாருக்கு அக்கறை? சினிமா அப்போது பொழுதுபோக்கு, கூத்து, ஓடி முடிந்தால் பெட்டியோடு மூலையில் கிடக்கிற சரக்கு. அதைக் கலை என்று நாம் ஒப்புக்கொண்டு தேட ஆரம்பிப்பதற்குள் தேடப் பொருள் இல்லை.

கேம்கள் இப்போது அதே இடத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இனி கடையில் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2014-ல் வந்த 'த க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் டிஸ்க்கை வைத்துக்கொண்டு டீ டம்ளருக்கு அடியில் போட்டுக்கொள்ளலாம். இதை எதிர்த்து ஐரோப்பாவில் நடந்த கையெழுத்து இயக்கத்தில் 2025 ஜூலைக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அவர்கள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை: கடையை மூடுங்கள், ஆனால் நாங்கள் வாங்கியது எங்களிடம் ஓடுகிற மாதிரி விட்டுவிட்டுப் போங்கள்.

'ஜர்னி'யில் பேசாமல் கூட நடந்த அந்த ஆள் ஒருநாள் வராமல் போவார். சர்வர் அணைந்தால் பாலைவனம் இருக்கும், மலை இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அதைப் படம் பிடித்து மியூசியத்தில் ஓடவிடலாம். நம் சோதனைப்படி, விட்டுப்போனது என்னவோ அதுதான் அந்தக் கலை.

அதனால்தான் இதைக் கலை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பெருமைக்காக இல்லை. நாம் கலை என்று பெயர் வைத்ததைத்தான் பத்திரப்படுத்துகிறோம். விளையாட்டுச் சாமான் என்று பெயர் வைத்ததை, பிள்ளை வளர்ந்ததும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறோம்.